விழுகிறவனின் கை

ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துச் சின்ன வெண்கலக் காசு ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் முகத்தைப் பார்ப்பார், பிறகு முகத்தைச் சுற்றிய பெயரை. காசைத் திருப்பினால் பின்பக்கத்து உருவம். அரிய வகைகளைத் தேடுகிறவரின் கண் இவை எல்லாவற்றையும் தாண்டி நேரே அடியில் இறங்கிவிடும். பின்பக்கத்து உருவங்கள் நிற்கும் தரைக்கோட்டுக்குக் கீழே ஓர் ஒடுங்கிய இடம் இருக்கிறது. அங்கே மூன்று நான்கு எழுத்துகள். சில சமயம் ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம், ஒரு பிறை. அந்த இடத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வதற்கே பல மாதங்கள் பிடிக்கும். அவசரப்பட ஒன்றுமில்லை, 1,700 ஆண்டுகளாக அது அங்கேயேதான் இருக்கிறது.

*

330இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேலாகப் பேரரசு முழுவதும் அச்சடிக்கப்பட்ட காசு ஒன்று உண்டு. இரண்டு படைவீரர்கள் ஈட்டி ஊன்றி நிற்பார்கள். நடுவில் இரண்டு படைக்கொடிகள். சுற்றிலும் ‘குளோரியா எக்செர்சிட்டுஸ்’, படையின் புகழ். 335 வாக்கில் இரண்டு கொடிகள் ஒன்றாகிவிடுகின்றன. எடையும் ஏறத்தாழ இரண்டரை கிராமிலிருந்து ஒன்றரைக்குச் சற்று மேலே என்று இறங்குகிறது. வீரர்கள் மாறவில்லை, புகழ் மாறவில்லை, காசு மட்டும் இளைத்தது.

இதைவிட மலிவான ரோமானியக் காசு அதிகமில்லை. ஆனால் அரியதைத் தேடக் கிளம்புகிறவரை நான் இதில்தான் உட்கார வைப்பேன். தெருவில் தினமும் பால் ஊற்றுகிறவருக்கு, வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். தினப்படிச் செருப்புகள் மனத்தில் பதிந்திருப்பதால்தான் புதுச் செருப்பு கண்ணில் படுகிறது. அரிய காசு என்று தனியே ஒன்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. சாதாரணக் காசுகள் ஆயிரம் கண்ணுக்குப் பழகிய பிறகு, ஆயிரத்தொன்றாவதில் ஏதோ ஒன்று உறுத்துகிறது.

உறுத்துவது பெரும்பாலும் மிகச் சிறிய விஷயம். தலையில் கட்டியிருக்கும் பட்டத்தில் முத்து வரிசை இருக்கவேண்டிய இடத்தில் பூக்கள் இருக்கும். வலப்பக்கம் பார்க்கவேண்டிய முகம் இடப்பக்கம் பார்க்கும். மற்ற எல்லாக் காசிலும் பேரரசரின் பெயர் தலையின் உச்சியில் ஓர் எழுத்தில் பிரிய, இதில் இரண்டு எழுத்து முன்னதாகவே பிரியும்.

*

கோட்டுக்குக் கீழுள்ள எழுத்துகள் நமக்காகப் பொறிக்கப்பட்டவை அல்ல. அவை உள்விவகாரம். காசு எடை குறைந்தால், உலோகத்தில் கலப்படம் தெரிந்தால், எந்த நகரத்து அக்கசாலை, அதற்குள் எந்தப் பட்டறை என்று மேலதிகாரிகள் பிடிப்பதற்கான அடையாளம். ட்ரியர் என்றால் டி, ஆர். சிசிகஸ் என்றால் எஸ், எம், கே. முன்னிரண்டும் ‘சாக்ரா மொனெட்டா’, அதாவது பேரரசரின் நாணயம். மேற்கில் பட்டறைகளை லத்தீனில் முதல், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்ற சொற்களின் முதலெழுத்தால் குறித்தார்கள்: பி, எஸ், டி, க்யூ. கிழக்கில் கிரேக்க எழுத்துகளையே எண்ணாக வைத்துக்கொண்டார்கள்.

ஆர்ல் நகருக்குக் கான்ஸ்டன்டைன் காலத்திலேயே கான்ஸ்டன்டினா என்று பெயர் மாற்றினார்கள். அதனால் அந்த அக்கசாலையின் காசுகளில் ‘கான்ஸ்ட்’ என்று வரும். கான்ஸ்டான்டினோபிள் காசுகளில் ‘கான்ஸ்’. பிரான்சின் தெற்கும் பாஸ்பரஸ் கரையும் ஓர் எழுத்து தூரத்தில் வந்து நிற்கின்றன. தேய்ந்த காசில் அந்தக் கடைசி எழுத்து போய்விட்டால் என்ன செய்வது? பட்டறை எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். ஆர்லில் அது லத்தீன் எழுத்து, முன்னால் வரும். கான்ஸ்டான்டினோபிளில் கிரேக்க எழுத்து, பின்னால் வரும். இதை முதல்முறை புரிந்துகொண்டபோது, அந்தப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களின் ஒழுங்கு மீது எனக்கு ஒரு மரியாதை வந்தது. பேரரசர்கள் மீது வராத மரியாதை.

அந்தியோக்கியாவில், கான்ஸ்டன்டைனுக்கு ஒரு தலைமுறை முன்னால், ஒன்பதாம் பட்டறை தன் எண்ணை எழுதிய விதம் வேடிக்கையானது. கிரேக்கத்தில் ஒன்பதுக்கு உரிய எழுத்து தீட்டா. அதைப் போடாமல் எப்சிலோனையும் டெல்டாவையும், அதாவது ஐந்தையும் நான்கையும், பக்கத்தில் பக்கத்தில் பொறித்தார்கள். சாவைக் குறிக்கும் தனாத்தோஸ் என்ற சொல் தீட்டாவில் தொடங்குகிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். லட்சக்கணக்கில் காசு அடிக்கிற தொழிற்கூடம் அது. அங்கேயும் ஓர் எழுத்தைத் தொடக் கை கூசியிருக்கிறது.

*

ப்ரோபஸ் பேரரசராக இருந்தபோது (276–282) இத்தாலியின் டிசினத்தில், இன்றைய பாவியாவில், ஆறு பட்டறைகள் இருந்தன. அங்கே அடித்த ஒரு தொகுதியில், வழக்கமான பட்டறை எழுத்தோடு கூடுதலாக ஓர் எழுத்து காசின் வெற்றிடத்தில் தனியே நிற்கிறது. முதல் பட்டறைக் காசில் இ. அடுத்ததில் க்யூ. அதற்கடுத்து வி, ஐ, டி, மறுபடி ஐ. ஆறையும் வரிசையாக வைத்தால் ‘எக்விட்டி’. ப்ரோபஸின் ஒரு சிறப்புப் பெயர் என்று சொல்கிறார்கள். குதிரைப்படை தொடர்பானது என்கிறவர்களும் உண்டு.

ரோம் நகர அக்கசாலை கான்ஸ்டன்டைன் காலத்தில் இதையே இன்னும் நுட்பமாகச் செய்தது. நான்கு பட்டறைகள், நான்கு கிரேக்க எழுத்துகள். சேர்த்தால் ஏரோஸ், காதல். அதை லத்தீனில் சொன்னால் அமோர். அமோரைத் திருப்பிப் படித்தால் ரோமா.

தனிக்காசு ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. சந்தையில் மீன் வாங்கியவரும் தெரிந்துகொண்டிருக்க மாட்டார். அச்சு வெட்டிய ஆளுக்கே கூடத் தன் பட்டறையின் ஓர் எழுத்து மட்டும்தான் கண்முன் இருந்திருக்கும். அந்தச் சொல் எந்தக் காசிலும் இல்லை, காசுகளுக்கு நடுவில் இருக்கிறது. அரிய வகை என்று நாம் சொல்வதும் எனக்கு அப்படித்தான் படுகிறது. அரிய தன்மை உலோகத்தில் இல்லை. மற்றக் காசுகளோடு அந்தக் காசு கொண்டுள்ள உறவில் இருக்கிறது.

*

பின்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் புரூன் தொகுத்த கான்ஸ்டன்டைன் காலத் தொகுதி 1966இல் வெளிவந்தது. ரோமானியப் பேரரசு நாணயங்களின் பெரும் பட்டியல் வரிசையில் அது ஏழாவது. அதில் ஒவ்வொரு வகைக்கும் எதிரே ஓர் அரிய நிலைக் குறி இருக்கும். ஆர்5 என்றால் உச்சம். சேகரிப்பாளர்கள் அந்தக் குறியைப் பார்த்தால் கொஞ்சம் மூச்சை அடக்குவார்கள். விற்பவர்கள் அதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள்.

அந்தக் குறி எதைச் சொல்கிறது? புரூன் ஆராய்ந்த பெரிய சேகரிப்புகளில் அந்த வகை ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்று சொல்கிறது. அவ்வளவுதான். அந்தச் சேகரிப்புகளைக் கட்டியவர்களின் ரசனையும் அதில் அடக்கம். அழகான காசை அருங்காட்சியகம் விரும்பி வாங்கும். ஏற்கெனவே பத்து இருக்கிற அதே முகத்தில், பட்டறை எழுத்து மட்டும் வேறான ஒன்றுக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? சலிப்பூட்டும் காசுகள் அங்கே குறைவாக இருந்தன, அதனால் பட்டியலில் அரியவை ஆயின.

மண் வேறு கணக்கு வைத்திருந்தது. 1981இல் லிபியாவின் மிஸ்ராத்தாவில் ஒரு லட்சம் அளவிலான காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. 2013இல் இங்கிலாந்தின் சீட்டன் டவுனில் கிடைத்தது 22,888 காசுகள். 2016இல் ஸ்பெயினில் செவிய்யாவுக்குப் பக்கத்துத் தொமாரெஸில் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போது 19 மண்சாடிகள் வந்தன. உள்ளே ஏறத்தாழ 600 கிலோ வெண்கலக் காசுகள். ஒரே பானை உடைவதில் ஓர் ஆர்5 சாதாரணக் குடிமகனாகிவிட முடியும். லண்டன் அக்கசாலையின் காசுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஹியூ குளோக், லீ டூன் இருவரும் 2015இல் தனி நூலே கொண்டுவந்தார்கள். பழைய பட்டியலில் இல்லாத வகைகள் அதில் நிறைய.

விலை கொடுத்து வாங்கியவருக்கு இது வருத்தமாக இருக்கலாம். எனக்கு இதில் ஒரு நிம்மதி உண்டு.

*

எது வகை, எது வெறும் பிசகு?

கோட்டை வாசல் காசு ஒன்று இருக்கிறது. ‘ப்ராவிடென்ஷியே’ என்று தொடங்கும் வாசகம். இரண்டு சிறு கோபுரங்கள், நடுவில் மேலே ஒரு நட்சத்திரம், கீழே அடுக்கடுக்காகக் கல் வரிசைகள். சிலர் அந்த வரிசைகளை எண்ணுகிறார்கள். ஆறு வரிசை, ஏழு வரிசை, எட்டு வரிசை. எட்டு வரிசை அபூர்வம் என்று பெட்டியில் தனி இடம் கொடுக்கிறார்கள். அச்சு வெட்டியவன் இடம் இருந்தால் ஒரு வரிசை கூட்டியிருப்பான், இல்லையென்றால் விட்டிருப்பான். புரூனின் பட்டியல் அதை எண்ணுவதில்லை. நானும் புரூன் பக்கம்.

பெயரில் ஓர் எழுத்து விடுபட்ட காசும் அப்படியே. கை தவறியது ஒரு நாள், ஓர் அச்சில். அதைப் பார்த்தால் வெட்டியவன் மீது பிரியம் வருகிறது, வரலாறு எதுவும் வருவதில்லை. ஆனால் பட்டறை எழுத்து வேறாக இருந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். ஒரு தொடரில் எந்தப் பட்டறை யாருக்குக் காசு அடிப்பது என்று பல அக்கசாலைகளில் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். முதல் பட்டறை தந்தைக்கு, இரண்டாவது மகனுக்கு என்பது போல. மகனுடைய முகம் தந்தையின் பட்டறையில் அடிக்கப்பட்டிருந்தால், அது கை தவறியதாக இருக்காது. யாரோ உத்தரவு மாற்றியிருக்கிறார்கள். அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் ஓர் அரண்மனை முடிவு இருக்கலாம்.

இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர ஒரு சூத்திரம் கிடையாது. கல் வரிசை எண்ணுகிறவரோடு வாதாடிப் பயனும் இல்லை. அவர் எண்ணும்போது அவர் முகத்தில் தெரியும் அமைதி கலப்படமில்லாதது.

*

348 வாக்கில் புதிய காசு வந்தது. ‘ஃபெல் டெம்ப் ரெபரேஷியோ’: நல்ல காலம் திரும்பியது. நல்ல காலத்துக்கு மிகப் பரவலாக அடித்த படம் என்ன தெரியுமா? கவசம் அணிந்த ரோமானிய வீரன் ஒருவன், குதிரையிலிருந்து விழுந்துகொண்டிருக்கும் எதிரியை ஈட்டியால் குத்துகிறான். பேரரசின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இது அச்சானது. போதாதென்று ஊர்ப்பட்டறைகள் போலியும் அடித்தன. போலிகள் சிறுத்துச் சிறுத்து, பிரிட்டனில் கிடைக்கும் சில ஒரு சென்டிமீட்டர்கூட வராது. அவற்றில் வீரன் ஒரு குச்சி, குதிரை ஒரு வளைவு.

இந்தக் காலத்துக்கான எட்டாம் தொகுதியை (1981) எழுதிய ஜே.பி.சி. கெண்ட், காசுகளைப் பிரிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். விழுகிறவன் எப்படி விழுகிறான் என்று பார்த்தார். ஒருவன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறான். ஒருவன் திரும்பி, குத்துகிறவனை நோக்கிக் கையை உயர்த்துகிறான். ஒருவன் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒருவன் மண்டியிட்டிருக்கிறான். தாடி உண்டா, தலையில் கூம்புக் குல்லாய் உண்டா என்றும் பார்க்கவேண்டும். அக்கசாலையையும் தொடரையும் இவை காட்டிக்கொடுக்கும்.

ஆக, இந்தக் காசை அடையாளம் காண்பவர் செய்யும் வேலை, சாகப்போகிறவனின் கை எங்கே இருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால், களிம்புக்கு அடியிலிருந்து ஒரு விரல் எழும்பும். கழுத்தைப் பிடித்திருக்கிறானா, ஓங்கியிருக்கிறானா? எழுதிக்கொண்டு அடுத்த காசை எடுக்கலாம். பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள், வேலை நடக்கவேண்டுமே. என்னால் சில காசுகளில் அப்படி நகர முடிவதில்லை. அச்சு வெட்டிய அந்தப் பெயர் தெரியாத ஆள், உத்தரவில் சொல்லப்பட்டதைவிடக் கூடுதலாக எதையோ அந்தக் கையில் வைத்துவிட்டிருக்கிறான். அந்தியோக்கியாவின் சில காசுகளில் கை கெஞ்சுவதுபோலவே தோன்றும். ஈட்டி பிடித்திருக்கும் ரோமானியனின் முகத்தில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. வெட்டியவனுக்கு அதில் ஆர்வம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன். நிரூபிக்க முடியாத எண்ணம், பட்டியலில் இதற்குப் பத்தி இல்லை.

*

படைவீரர் காசுக்கே திரும்பவும் ஒரு முறை. கான்ஸ்டன்டைனின் மூன்று மகன்களுக்கும் அது அடிக்கப்பட்டது. அதே அளவு, அதே முகம், அதே இளமை. அந்தக் கூட்டத்தில் சில காசுகளில் பெயர் மட்டும் வேறு: டெல்மாட்டியுஸ். பேரரசரின் தம்பி மகன், 335இல் சீசர், அதாவது துணைப் பேரரசர், ஆனவன். அவனுடைய அண்ணன் தம்பிகளில் ஒருவன் ஹன்னிபாலியனுஸ், பேரரசரின் மகளை மணந்தவன். ‘அரசன்’ என்ற பட்டத்தோடு அவனுக்குக் கான்ஸ்டான்டினோபிளில் மட்டும் ஒரு சிறு காசு அடிக்கப்பட்டது, பின்பக்கத்தில் சாய்ந்து படுத்திருக்கும் யூப்ரட்டீஸ் நதிக்கடவுளோடு. 337 மே மாதம் கான்ஸ்டன்டைன் இறந்தார். அந்தக் கோடை முடிவதற்குள் இருவரையும் படையினர் கொன்றார்கள். காசும் அத்தோடு நின்றது. டெல்மாட்டியுஸைக் கண்டுபிடிக்க முகம் உதவாது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்குத்தான் அவன் கிடைப்பான்.

இன்னும் குறுகிய ஆட்சியும் உண்டு: 350 ஜூனில் ரோம் நகரை நெப்போட்டியனுஸ் என்பவன் 28 நாள் ஆண்டான். அந்த 28 நாளிலும் அக்கசாலை அவனுக்குக் காசு அடித்தது.

*

இல்லாத காசைத் தெரிந்துவைத்திருப்பதும் இந்தக் கலையின் ஒரு பகுதி. 69ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆண்ட ஓத்தோவுக்குப் பொன், வெள்ளிக் காசுகள் உண்டு. ரோம் அக்கசாலை அவன் பெயரில் வெண்கலம் அடிக்கவில்லை. பேரரசர் வரிசையை வெண்கலத்தில் முழுதாக அடுக்க நினைத்த மறுமலர்ச்சிக் காலச் செல்வர்களுக்கு அங்கே ஓர் ஓட்டை. பதுவா நகரத்து ஜொவான்னி தா கவினோ (1500–1570) அந்த ஓட்டையை அடைத்தார். அவர் செய்த ஓத்தோ காசு அசலைவிட அழகு; அசலே இல்லை என்பதால் ஒப்பிடவும் வழியில்லை. இன்றைய ஏமாற்று அவ்வளவு பிரமாதமானது அல்ல. தேய்ந்த காசின் மேல் நுண்ணிய உளியால் ஓர் எழுத்தைச் சுரண்டித் திருத்தி, சாதாரண வகையை அரியதாக்குவார்கள். களிம்பின் தோல் அந்த இடத்தில் மட்டும் அறுந்திருக்கும். அதைப் பார்க்கவும் பொறுமைதான் வேண்டும்.

இல்லை என்று எண்ணியது இருந்துவிடுவதும் உண்டு. 1900இல் பிரான்சின் லே கிளெயோனில் கிடைத்த காசுகளில் ஒன்றில் டொமிட்டியானுஸ் என்று ஒரு பேரரசர். முதல் நூற்றாண்டின் டொமிஷியன் அல்ல. மூன்றாம் நூற்றாண்டின் கோல் நாட்டுக் காசு அது. அப்படியொரு பேரரசரை யாரும் கேள்விப்பட்டதில்லை. போலி, இல்லையென்றால் எழுத்தை மாற்றியது என்று பலரும் ஒதுக்கினார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது அப்படியே கிடந்தது. 2003இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் சால்குரோவில் ஒரு பானை கிடைத்தது. களிம்பேறி ஒன்றோடொன்று ஒட்டிப்போன, ஏறத்தாழ 5,000 காசுகள். பெரும்பாலும் அந்தக் காலத்தில் கொட்டிக்கிடந்த வகைகள்தான். பிரித்து, சுத்தம் செய்து, ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தபோது நடுவில் டொமிட்டியானுஸ். 1900இல் கிடைத்ததை அடித்த அதே அச்சு. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அச்சில் அடித்த காசு மண்ணுக்குள் இருக்கும்போது போலி என்ற பேச்சுக்கு இடமில்லை. 271 வாக்கில் கொஞ்ச நாள் ஆண்ட ஒரு மனிதர் வரலாற்றுக்குள் வந்து சேர்ந்தார். ஐயாயிரத்தையும் படித்தார்கள் என்பதால் வந்தார்.

*

நம் பக்கத்துக்கும் ரோமானியக் காசுகள் வந்திருக்கின்றன. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும், மதுரைப் பகுதியிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செம்புக் காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் நூலாக வெளியிட்டார். தியோடோசியுஸ், ஆர்காடியுஸ், ஹொனோரியுஸ் காலத்துச் சின்னக் காசுகள், ஓரம் தேய்ந்து, கை மாறி மாறி மழுங்கியவை. இலங்கையில் இன்னும் ஏராளம். அங்கே உள்ளூரிலேயே அவற்றைப் பார்த்து அடித்த போலிகளும் ஆயிரக்கணக்கில்.

இந்தக் காசுகளில் கோட்டுக்குக் கீழுள்ள இடம்தான் முதலில் போய்விடுகிறது. வில்லை அச்சைவிடச் சிறியது, எழுத்து வெளியே விழுந்துவிட்டது, அல்லது தேய்ந்துவிட்டது. எந்த அக்கசாலை என்று தெரியாதபோது பட்டியல் எண் கொடுக்க முடியாது. எண் இல்லையென்றால் அரியதா என்ற கேள்வியே எழாது. சேகரிப்பாளர்கள் இவற்றை ஒரு ரகமாகக்கூட மதிப்பதில்லை. எனக்கோ, ட்ரியரில் அடித்து ட்ரியரிலேயே புதைந்து, எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கும் ஓர் ஆர்5ஐவிட, செங்கடலும் அரபிக்கடலும் தாண்டி வந்து கரூரில் யார் கையிலோ தேய்ந்த இந்த முகமற்ற வில்லைகள் அதிக நேரம் எடுத்துக்கொள்கின்றன. எடை, விட்டம், தேய்மானம், உளிவெட்டு என்று எதைக் கொண்டாவது இவற்றுக்கு ஒரு தனி அட்டவணை போட்டாக வேண்டும். ரோமின் பட்டியலில் இவற்றுக்கு எண் தேடுவது வீண் வேலை.